கேட்டு வாங்கிய மண்

1

நேற்று எங்கள் மேட்டில் கவ்வாத்துச் சாமிக்கு வருடப் பொங்கல். தேயிலைச் செடியை வெட்டி இறக்குவதற்கு முன்னால் கத்திகளையெல்லாம் கல்லின் முன் வைத்துக் கும்பிடுவதை இலங்கையில் கண்டி மலையில் ஹுன்னஸ்கிரியப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே எப்படியோ அப்படியேதான் கடல் தாண்டி இந்தக் கூடலூர் மலையிலும் செய்கிறோம். சேவல், தேங்காய், ஒரு போத்தல் சாராயம். இங்கே கடையில் போத்தல் என்றால் சிரிப்பார்கள், பாட்டில் என்று சொல்ல வேண்டும். சாமி முன்னால் மட்டும் நான் போத்தல் என்றே சொல்லுவேன். அவரும் அங்கிருந்து வந்தவர்தானே.

பொங்கலைப் பங்கு வைக்கும்போது பக்கத்து வீட்டு முனியாண்டி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

“ஏன் பேச்சியக்கா, போன மாசம் சிலோன் போயிட்டு வந்தீங்களே, அங்க சாஞ்ச சாமிய நட்டாச்சா?”

“இல்ல.”

“சரி, பதிலுக்கு அங்கேருந்து பிடிமண்ணாவது கொண்டாந்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப என்னாதான் செஞ்சீங்க? கண்டியில மாளிகையச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டீங்களோ?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டத்துக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புதான் படித்தேன். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீங்களும் மெதுவாக வாசியுங்கள்.

2

பிடிமண் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது, தன் சாமி இருக்கிற இடத்தில் ஒரு கைப்பிடி மண் வாங்கிக்கொண்டு போகும். போன இடத்தில் அந்த மண்ணைப் போட்டு, அதன் மேல் கல்லை நட்டால் அங்கேயும் சாமி வந்துவிடும். மண்ணைத் தானாக அள்ளக் கூடாது. அந்த இடத்துக்கு உரிமையுள்ளவர் கையால் கொடுக்க வேண்டும். அதுதான் முறை.

இரண்டு அரசாங்கமும் தோட்டத்துச் சனங்களைப் பங்கு போட்டபோது எங்கள் அப்பாவுக்கு இந்தியப் பிரஜை என்று எழுதிவிட்டார்கள். அக்கா ராமாயி கல்யாணம் கட்டியிருந்த மாமாவுக்கு இலங்கை என்று வந்தது. ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள், ஒரு கடுதாசியால் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். கண்டி ஸ்டேசனில் கோச்சி ஏறுவதற்கு முந்திய நாள், தண்ணி விழுகிற பீலிக்கு மேலே இருந்த கவ்வாத்துச் சாமி கல்லடியில் மாமாதான் மண் எடுத்து அப்பாவின் துண்டில் போட்டார். தலைமன்னாரில் கப்பல் ஏறி இறங்கி, இங்கே வந்து சேரும் வரை அப்பா அந்தத் துண்டை உதறவே இல்லை.

இங்கே வந்தும் தேயிலைதான், குளிர்தான், அட்டைதான். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள். ஒரு மேட்டில் குடிசை போட்டோம், காடு வெட்டிப் பயிர் வைத்தோம். இன்று வரைக்கும் அதற்குப் பட்டா கிடையாது. எத்தனையோ ஆபீசர் வந்து பார்த்துவிட்டு, “யோசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் ரிட்டயரும் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய யோசனைதான் இன்னும் முடியவில்லை.

அந்தப் பட்டாவுக்காகத்தான் எங்கள் பெண்கள் சங்கம். அதில் நாங்களும் இருக்கிறோம், எங்களுக்கு முன்னாலிருந்தே இந்த மலையில் இருக்கிற பணியர் சனங்களும் இருக்கிறார்கள். அவர்களில் மாதி என் வயதுக்காரி. அதிகம் பேச மாட்டாள். பேசினால் முள் குத்தின மாதிரி இருக்கும்.

இலங்கை, இந்தியா, நேபாளம், வங்காளதேசம் என்று நாலு நாட்டுச் சங்கங்கள் முறை வைத்து ஒவ்வொரு தடவை ஒரு நாட்டில் கூடி, நிலத்தைப் பற்றியும் கிராமத்துப் பிழைப்பைப் பற்றியும் பேசுவது வழக்கம். இந்த முறை கண்டி. எங்கள் சங்கத்திலிருந்து என்னையும் மாதியையும் அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் கண்டி என்று போட்டிருக்கிறது. அந்த இடத்துக்குப் போவதற்கு விசா வேண்டும் என்றார்கள். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா போனில் சொல்லியிருந்தாள், மண்சரிவில் பழைய கல் உருண்டு போய்விட்டது என்று. நான் ஒரு முடிவு செய்தேன். இங்கே எங்கள் சாமியடியில் மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா எடுத்துவந்த சாமியை மகள் திருப்பிக் கொண்டுபோய் நடுவாள். அந்த நினைப்பிலேயே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

3

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். முடிச்சைக் கையில் எடுத்த தம்பி யாழ்ப்பாணத்துப் பேச்சுக்காரர். முகத்தில் நல்ல மரியாதை.

“அம்மா, இது என்ன?”

“சாமி மண்ணு தம்பி.”

“சாமி மண்ணெண்டாலும் மண்தானே அம்மா. பூச்சி, நோய் எல்லாம் வரும். உள்ள விட ஏலாது.”

“இது உங்க நாட்டு மண்ணுதான் தம்பி. எங்கப்பா இங்கேருந்துதான் எடுத்துட்டுப் போனாரு.”

அவர் ஒரு நிமிடம் முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஓம் அம்மா, விளங்குது. ஆனா அது போயிட்டுது. போனது போனதுதான். கோவிக்காதேங்கோ.”

முடிச்சை ஒரு பெட்டிக்குள் போட்டார். பக்கத்தில் நின்ற மாதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேனில் கண்டிக்கு ஏறினோம். கடுகண்ணாவ வளைவில் மலை தெரிந்ததும் எனக்கு வேறு யோசனை வந்தது. மண் போனால் என்ன? கல் அங்கேயே கிடைக்கும். சங்கத்து ஆட்களெல்லாம் பார்க்க நானே நட்டுவிட்டு வருவேன்.

4

கூட்டம் அம்பிட்டியவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பரீதா டீச்சர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். கட்டுகஸ்தோட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்தவர். தமிழ், சிங்களம், இங்கிலீசு மூன்றும் வாய்க்குள் வைத்திருக்கிறார். காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்தார்கள். நேபாளத்துப் பெண் பேசுவது எனக்குத் தமிழில் கேட்டது. அவளும் நிலத்தைத்தான் பேசினாள், அவளும் ஆபீசரைத்தான் பேசினாள். வங்காளதேசத்துக்காரி ஆற்றுக்குள் போன வயலைச் சொன்னாள். பாஷைதான் வேறே, வயிற்றெரிச்சல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டாம் நாள் டீச்சர் ஹுன்னஸ்கிரிய விஷயத்தைச் சொன்னார். என் அக்கா இருக்கிற தோட்டத்தில், பீலிக்கு மேலே உள்ள தேயிலை ரொம்ப காலமாகக் கைவிட்டுக் கிடந்தது. லயத்துப் பெண்கள் அதைக் கொத்தி போஞ்சியும் கோவாவும் போட்டார்கள், இங்கே பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று சொல்ல வேண்டும். பீலித் தண்ணி கீழே சிங்களக் கிராமத்து வயலுக்குப் போகிறது. முதலில் தண்ணிக்காக இரண்டு பக்கமும் சண்டை. பிறகு அக்காவும் கிராமத்துச் சோமாவதியும் உட்கார்ந்து பேசி, மேல்பாத்தி லயத்துக்கு, கீழ்ப்பாத்தி கிராமத்துக்கு, தண்ணி முறை வைத்து என்று ஒத்துக்கொண்டார்கள். இப்போது தோட்ட நிர்வாகம் அந்த நிலத்தைச் சுற்றுலாக் குடில் கட்ட வெளியாருக்குக் கொடுக்கப் பார்க்கிறது. வேலிக் கம்பிகூட வந்து இறங்கிவிட்டது. மறுநாள் பிரதேச செயலகத்து ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார். இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றால் நிலம் மிஞ்சும், பிரிந்து நின்றால் வேலி ஏறும். நாங்கள் எல்லாரும் கூடப் போய் நிற்பது என்று முடிவானது.

நான் கையைத் தூக்கினேன். அந்த மேட்டில் எங்கள் சாமி இருந்ததைச் சொன்னேன். நாளைக்கே கல்லை நட்டுவிட்டால் சாமி இருக்கிற இடத்தில் எவனும் வேலி போட மாட்டான் என்றேன். சபை அமைதியாக இருந்தது. என் பேச்சு எடுபட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தேத்தண்ணி நேரத்தில் டீச்சர் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பேச்சிம்மா, ஒண்டு செல்றேன், கோவிக்க வேணாம். நீங்க கல்ல வெச்சா, அடுத்த பௌர்ணமிப் போயாவுக்குள்ள கீழ உள்ளவங்க அரச மரம் ஒண்ட நட்டு புத்தர் சிலைய வெப்பாங்க. அவங்க வெக்காட்டியும் வெக்கச் செல்லிக் குடுக்க ஆள் இரிக்கி. அதுக்குப் பொறகு போஞ்சியப் பத்திப் பேச ஒரு ஆளும் இரிக்க மாட்டாங்க.”

“ஒங்களுக்கு எங்க சாமியப் பத்தி என்னா தெரியும் டீச்சர்?”

“ஒண்டும் தெரியாதும்மா. மனிசரைப் பத்திக் கொஞ்சம் தெரியும்.”

நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

5

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனோம், மாதியும் நானும். அக்காவுக்கு முதுகு வளைந்துவிட்டது. குரல் வளையவில்லை. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உக்காருடி, அந்தக் கதிரையில உக்காரு” என்றாள்.

“பரவால்லக்கா, அந்தச் சேர மாதிக்குப் போடு.”

“சேரா? இந்தியாக்காரி வந்துட்டா பாரு! கதிரைன்னு சொல்ல வாய் வரலியோ?”

ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே கல் விஷயத்தைச் சொன்னேன். அக்கா பீலிப் பக்கம் பார்த்தாள்.

“வேணாம் பேச்சி.”

“நீயுமா? நம்ம அப்பா கும்பிட்ட சாமிக்கா!”

“யாரு இல்லேன்னா? நானுந்தான் கும்பிட்டேன். கல்லு உருண்டு போனதுல இருந்து, கத்திய வாசல்ல வச்சுக் கும்பிட்டுக்கறோம். சாமி ஒண்ணும் கோவிக்கல.”

“மண்ணு கொண்டாந்தேன், ஏர்போட்ல புடுங்கிட்டானுக.”

“நல்லதாப் போச்சு. பிடிமண்ணு தாய் எடத்துல இருந்து போகும், தாய் எடத்துக்குத் திரும்பி வந்து எங்கடி பாத்திருக்க? முறை தெரியாதவளா நீ?”

எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. முறை எனக்கா தெரியாது? ஆனால் அவள் சொன்னது சரி. மகளை மறுபடி கருவுக்குள் வைக்கிற வேலையைத்தான் நான் மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தேன்.

விட மனசில்லாமல் சொன்னேன். “அப்ப நம்ம சாமிக்கு இந்த மண்ணுல எடமே இல்லையா?”

அக்கா ரொட்டி தட்டுகிற கையை நிறுத்தினாள்.

“நீ போனவ. போனவளுக்குச் சாமி வேணும். நான் இருக்கிறவ. இருக்கிறவளுக்குத் தண்ணி வேணும். சோமாவதி நாளைக்குப் பீலிய மறிச்சா, ஒன் கல்லு வந்து வாளியில தண்ணி மொண்டு தருமா?”

மாதி அதுவரை வாய் திறக்கவில்லை. சம்பலை விரலால் ஒதுக்கிக்கொண்டே, “அக்கா, ஒண்ணு கேக்கட்டே?” என்றாள் என்னிடம்.

“கேளு.”

“கூடலூர்ல உங்க அச்சன் கல்லு வச்சாரே, எங்க அம்மையிட்ட கேட்டாரா?”

அப்பா யாரையும் கேட்கவில்லை. அப்போது அந்த மேட்டுக்கு அடியில் மாதியின் அம்மா குடிசை போட்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் வெட்டியதைக் காடு என்றுதான் சொல்லுவோம். அவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு எனக்கு அரை வயிற்றோடு முடிந்தது.

6

மறுநாள் காலையில் மேட்டில் நல்ல கூட்டம். நாலு நாட்டு ஆட்கள், லயத்துப் பெண்கள், கிராமத்துப் பெண்கள். சோமாவதி என்னை விடச் சின்னவள், தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தமிழ் பழகியவள். என்னைக் கண்டதும், “பேச்சி அக்கே, ராமாயி அக்கா ஒங்க கத நெறைய சொல்றது. ரொம்ப ரோசக்காரின்னு சொல்றது” என்று சிரித்தாள். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆபீசர் ஒரு சின்னப் பெண், சிங்களத்தில் பேசினாள். தோட்டத்து மனேஜரும் வந்திருந்தார். அவர் சொன்னதை டீச்சர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: இது யாரும் நிரந்தரமாகப் பயிர் செய்யாத நிலம், இரண்டு சாதி சனமும் தண்ணிக்கு அடித்துக்கொள்கிற இடம், வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று இன்றைக்கு மட்டும் சேர்ந்து நிற்கிறார்கள்.

ஆபீசர் சுற்றிப் பார்த்துக் கேட்டாள், இது யாருடைய பாத்தி என்று. உடனே பத்து வாய் ஒன்றாகப் பேசியது. லயத்துப் பெண் ஒருத்தி “எங்களோடது” என்றாள், கிராமத்துப் பெண் ஒருத்தி “அப்பே” என்றாள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், ஆனால் கேட்கிறவருக்குச் சண்டை மாதிரிதான் இருந்தது. மனேஜர் பார்த்தீர்களா என்பது போலத் தலையை ஆட்டினார்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். சாயங்காலம் நான் கிளம்ப வேண்டும், வெறுங்கையோடு போகப் போகிறேன் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. முந்தானையை விரித்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன்.

“அக்கா, நான் போறேன். எனக்குப் பிடிமண்ணு குடு.”

கூட்டம் அடங்கியது. அக்கா குனிந்து போஞ்சிக் கொடியடியில் ஒரு கைப்பிடி அள்ளினாள். என் முந்தானைக்கு மேலே கொண்டுவந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

“நான் மட்டும் குடுக்கிறது முறையில்ல” என்றாள். பிறகு திரும்பி, “ஏ சோமாவதி, இங்க வா. என் தங்கச்சி ஊருக்குப் போறா. ஒன் பாத்தியில இருந்தும் ஒரு பிடி குடு.”

சோமாவதிக்கு என்ன ஏது என்று புரிந்ததோ இல்லையோ, கேட்டது புரிந்தது. கீழ்ப்பாத்திக்கு இறங்கி ஈர மண்ணாக அள்ளிக்கொண்டு ஏறி வந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகப் போட்டார்கள். மேல் மண் காய்ந்து சிவந்திருந்தது, கீழ் மண் கறுத்துக் குளிர்ந்திருந்தது. முந்தானையில் இரண்டும் கலந்தது.

ஆபீசர் டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் சிங்களத்தில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று நான் பிறகு கேட்டதற்கு, “மண்ணு ஆருக்குரியதோ அவங்கதான் குடுக்கலாம், குடுத்தது ரெண்டு பேரு எண்டு மட்டும் சென்னேன்” என்றார். ஆபீசர் நோட்டைத் திறந்தாள். பிறகு சோமாவதியிடம் தண்ணி முறையைக் கேட்டாள், அக்காவிடம் எத்தனை வருடமாகப் பயிர் என்று கேட்டாள். இரண்டு பக்கத்தின் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொண்டாள். அளந்து முடிக்கும்வரை வேலி போடக் கூடாது என்று மனேஜரிடம் சொன்னாள். அவ்வளவுதான். நிலத்தை யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

எல்லாரும் இறங்கிப் போனதும் முந்தானை மண்ணோடு நானும் அக்காவும் மட்டும் நின்றோம். கட்டுநாயக்காவில் பார்த்த அந்தத் தம்பியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சென்னை ஏர்போர்ட்டிலும் ஒரு தம்பி இருப்பார். இரண்டு பாத்திக்கும் நடுவில் உள்ள வரப்பில் மண்ணை மெதுவாகக் கொட்டினேன்.

“ஏண்டி, கேட்டு வாங்கிட்டு இங்கேயே கொட்டுறியே” என்றாள் அக்கா.

“கேட்டது நான், குடுத்தது நீங்க. அது போதும்க்கா. மண்ணு எடத்துலயே இருக்கட்டும்.”

அக்கா தன் கையில் ஒட்டியிருந்த மண்ணை என் கையில் தேய்த்துவிட்டாள்.

7

முனியாண்டிக்கு இதெல்லாம் சொன்னால் புரிய நேரமாகும். போகட்டும். அக்கா போனவாரம் பேசினாள். அளக்க இன்னும் ஆள் வரவில்லை. வேலியும் ஏறவில்லை. போஞ்சி நன்றாகக் காய்க்கிறதாம்.

நேற்றுப் பொங்கல் முடிந்து வீட்டுக்கு வந்தால் மகனிடமிருந்து போன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்த மலையில் பிறந்தவன், இங்கே வந்தால் இரண்டாம் நாளே குளிருது என்பான். அவன் பிள்ளைகளுக்கு நான் பேசுகிற தமிழ் பாதிதான் புரியும். இப்போது சொந்தமாக வீடு கட்டுகிறானாம்.

“அம்மா, வாசல்ல நம்ம சாமிய வைக்கலாம்னு இருக்கேன். பிடிமண்ணு கொஞ்சம் வேணும். கூரியர்ல போட்டு விட்டுருங்க.”

நான் சிரித்துவிட்டேன். கோபம் வரவில்லை. இத்தனை வருடம் இந்த மேட்டில் எனக்கு ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. ஆனால் இங்கே வந்து மண் கேட்க ஒருவன் இருக்கிறான்.

“பிடிமண்ணு கூரியர்ல வராது. ஞாயித்துக்கிழம நேர்ல வா. கேட்டு வாங்கிட்டுப் போ” என்றேன்.

போனை வைத்துவிட்டு, இறக்கத்தில் இருக்கிற மாதி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் பொங்கலுக்கு அவள் வந்ததில்லை. நாங்கள் கூப்பிட்டதும் இல்லை.

“மாதி, ஞாயித்துக்கிழம எம் மவனுக்குப் பிடிமண்ணு குடுக்கணும். நீ வந்து மொதப் பிடி போடணும்.”

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “அவன் கேப்பானா?”

“கேப்பான். அதுக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன்.”

மாதி நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். நானும் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.